அழகுமலை மஹாலில் முதல் பந்தி

கறம்பக்குடியிலிருந்து புதுக்கோட்டை போகும் ரோட்டில், ஊர் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் அழகுமலை மஹால் இருக்கிறது. ஐந்நூறு பேர் உட்காரலாம். பின்னால் பந்திக் கூடம், மாடியில் மாப்பிள்ளை வீட்டாருக்கு ஏசி அறை, வாசலில் இரண்டு சிமெண்டு யானை. கல்யாண மண்டபம் என்றுதான் கட்டினார்கள். கட்டி முடித்த நாளிலிருந்து இன்றுவரை அங்கே ஒரு தாலி ஏறியதில்லை.

கட்டியவர் அருள்மணி. விவரம் தெரியாமல் காசைக் கொட்டிய ஆள் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காகப் போய், பதினெட்டு வருஷம் அடுத்தவன் வீட்டைக் குளிர வைத்துவிட்டுத் தான் தகரக் கொட்டகையில் வெந்தவர். கூட இருந்தவர்கள் வீடு கட்டினார்கள், நகை வாங்கினார்கள், திருச்சியில் பிளாட் போட்டார்கள். இவர் மட்டும் கேம்ப் கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு, பந்திக் கூடத்துக்குக் கதவு எந்தப் பக்கம் வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

லாபம் பார்க்கத்தான் எல்லோரும் தொழில் தொடங்குகிறார்கள் என்று பேங்க்கில் நம்புகிறார்கள். நம்பட்டும், அவர்கள் வேலை அப்படி. ஆனால் கைக்காசைப் போட்டுக் கடையோ கம்பெனியோ தொடங்குகிற ஆளைக் கொஞ்சம் சீண்டிப் பாருங்கள். உள்ளே எங்கேயாவது ஒரு அவமானம் ஆறாமல் கிடக்கும். அருள்மணிக்குள் கிடந்தது ஒரு பந்தி.

அவருடைய தங்கை சிவரஞ்சனியின் கல்யாணம் புதுக்கோட்டையில் ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. சக்திக்கு மீறிப் பிடித்த மண்டபம். முகூர்த்தம் தள்ளிப்போய், மூன்றாம் பந்தி உட்கார்ந்தபோது மதியம் மூன்று மணி ஆகிவிட்டது. இலையில் ரசம் விழுந்த நேரம் பார்த்து மேனேஜர் உள்ளே வந்தார். "டைம் முடிஞ்சு போச்சு. எந்திரிங்க, எந்திரிங்க. அடுத்த பார்ட்டி வந்து நிக்கிறாங்கல்ல" என்று கை தட்டினார். யாரும் எழவில்லை. மெயினை அணைத்துவிட்டார். காற்றாடி நின்று, கூடம் இருட்டி, சம்பந்தி வீட்டுப் பெரியவர்கள் ரசத்தில் கை வைத்தபடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அருள்மணியின் அப்பா அழகுமலை, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தன் மகன் வயதுகூட இல்லாத அந்த மேனேஜரிடம், "ஒரு அரை மணி நேரம் பொறுத்துக்கங்கய்யா" என்று கும்பிட்டார். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அன்று வந்த பெயர், பாதிப் பந்தி சம்பந்தம். சிவரஞ்சனி போன வீட்டில் குழம்பில் உப்புக் கூடினாலும் சரி, குறைந்தாலும் சரி, "பாதிப் பந்தி வீட்டுப் பொண்ணுதானே" என்பார்கள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தும் அந்தப் பெயர் போகவில்லை. அழகுமலை அதைக் கேட்டுக்கொண்டே செத்துப்போனார்.

அதனால்தான் மண்டபம். அப்பா பெயரில் மண்டபம். தன் மண்டபத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஒருத்தரைப் பார்த்து எவனும் எந்திரி என்று சொல்லக் கூடாது. பில் புத்தகத்தின் அடியில் அச்சடிக்க ஒரு வரிகூட எழுதி வைத்திருந்தார்: "இங்கு நேரக் கட்டுப்பாடு கிடையாது." இந்த வரியைப் பார்த்த அவருடைய மனைவி புவனேஸ்வரி, "ஏங்க, இப்படிப் போட்டா கெளம்பவே மாட்டாங்களேங்க" என்றாள். கிளம்பாவிட்டால் நல்லது என்றார் அருள்மணி. நல்ல வியாபாரி பேசுகிற பேச்சா இது?

மண்டபத்துக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு கீற்று வீட்டில் உண்ணாமலை இருந்தாள். அறுபதைத் தாண்டிய ஒற்றை மனுஷி. கல்யாணமான மறு வருஷமே புருஷனைப் பறிகொடுத்தவள். எந்த விசேஷத்துக்குப் போனாலும் மங்கல காரியம் முடிகிறவரை ஓரமாக நின்று, கடைசிப் பந்தியில் மிஞ்சியதைச் சாப்பிட்டுப் பழகியவள். கட்டட வேலை நடந்த நாளெல்லாம் யாரும் சொல்லாமலேயே சிமெண்டு மூட்டைக்குக் காவல் இருந்தாள். கூலி கொடுத்தால் வாங்கமாட்டாள்.

"தம்பி, எனக்குக் காசு கீசெல்லாம் வேணாம். மொதக் கல்யாணத்துல மொதப் பந்தியில எனக்கு ஒரு எலை போட்டுரு. அங்கிட்டுப் போ, அப்பறமா வான்னு சொல்லிப்புடாத."

"ஒங்களுக்கு இல்லாத எலையாக்கா?" என்றார் அருள்மணி. வாய்வார்த்தைக்குச் சொல்லவில்லை. அந்த இலையை மனசுக்குள் போட்டே வைத்துவிட்டார்.

மண்டபத்தின் முதல் கல்யாணம், கார்த்திகைக் கடைசி முகூர்த்தத்தில் திருமுருகன் மகள் சத்யபிரியாவுக்கு என்று முடிவாகியிருந்தது. திருமுருகன் உரக்கடை வைத்திருப்பவர், அருள்மணிக்கு மாமன் முறை. பத்திரிகை அடித்தாகிவிட்டது. முதன்முதலாக அச்சில் "அழகுமலை மஹால்" என்று பார்த்தபோது அருள்மணி அந்தப் பத்திரிகையைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு அழுதார்.

ஐப்பசி கடைசியில் புயல் வந்தது. எந்தப் புயல் என்று இந்தப் பக்கத்தில் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. விடிந்து பார்த்தால் தென்னந்தோப்பு இருந்த இடமெல்லாம் வெளிச்சமாக இருந்தது. பலா, வாழை, கரண்டுக் கம்பம், எல்லாம் படுத்துக் கிடந்தன. கூரையைப் பறிகொடுத்த சனம் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டில் நின்றது. அருள்மணி மண்டபத்தின் கதவைத் திறந்துவிட்டார். யோசிக்கவே இல்லை. நூறு பேருக்கு மேல் உள்ளே வந்தார்கள். கல்யாணத்துக்கென்று வாங்கி ஸ்டிக்கர்கூடப் பிரிக்காத அண்டாவில் சோறும் பருப்பும் வெந்தது. விழுந்த வாழை எவ்வளவோ கிடந்ததால் இலைக்குப் பஞ்சமில்லை. அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த மகள் காவ்யா ஓடி ஓடிப் பரிமாறினாள்.

உண்ணாமலை வீட்டுக் கூரை போன இடம் தெரியவில்லை. இரவெல்லாம் மழையில் நனைந்து நடுங்கிக்கொண்டு வந்தவளைக் காவ்யாதான் பிடித்து உட்கார வைத்து இலை போட்டாள். இரண்டு வாய் தின்றுவிட்டு அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"ஏத்தா, இது எத்தனாவது பந்தி?"

"மொதப் பந்திதான் அத்தை."

"பாத்தியா? ஒங்கப்பன் சொன்ன சொல்லு தவறல" என்று சிரித்தாள்.

அன்றிரவே அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மறுநாள் மூச்சு இழுத்தது. ரோட்டில் மரம் கிடந்ததால் ஆம்புலன்ஸ் வர வழியில்லை. உடைந்த ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து மண்டபத்துத் தரை முழுக்க ஈரம். காய்ந்து கிடந்த இடம் ஒன்றே ஒன்றுதான். மூன்று படி ஏறிப் போகிற மணமேடை.

"மேடையில ஏத்திப் படுக்க வைங்க" என்றார் அருள்மணி.

பக்கத்தில் நின்ற வெள்ளைச்சாமி, அவருக்குச் சித்தப்பா முறை, தயங்கினார். "மேடையிலயா? இன்னும் ஒரு கல்யாணங்கூட நடக்கலையேப்பா."

"உசுருதான் முக்கியம் சித்தப்பா. தூக்குங்க."

ஒரு மனுஷன் வாழ்நாளில் சொல்லக்கூடிய நல்ல வார்த்தைகளில் அது ஒன்று. அந்த வார்த்தைக்காக அருள்மணி பிற்பாடு தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளாத குறையாகத் திட்டியிருக்கிறார். அன்று மதியம், பட்டுப்பாய் விரித்து மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார வேண்டிய இடத்தில், காவ்யா மடியில் தலை வைத்து உண்ணாமலை கண்ணை மூடினாள். கூட்டம் மொத்தமும் அழுதது. மண்டபத்துக்குள் விழுந்த முதல் அழுகை அது.

பத்து நாள் கழித்துத் திருமுருகன் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழத்தோடு வந்தார். இப்படி ஒரு தட்டோடு வந்து ஒருத்தர் கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பதை அருள்மணி அன்றுதான் பார்த்தார்.

"மாப்ள, எம்மேல வருத்தப்படாதீங்க. நீங்க செஞ்சது புண்ணியம். எனக்கு ஒண்ணுமில்ல, நான் இதெல்லாம் நம்புற ஆளில்ல. வீட்டுலதான் பொம்பளைங்க ஒத்துக்க மாட்றாங்க."

அதற்குப் பிறகு அந்த வாக்கியம் அருள்மணிக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. மண்டபத்தைப் பார்க்க வருகிறவர்கள் யானையைத் தட்டிப் பார்ப்பார்கள், ஏசி அறையில் உட்கார்ந்து பார்ப்பார்கள், மேடை முன்னால் வந்ததும் பேச்சு குறைந்துவிடும். எனக்கு ஒண்ணுமில்ல, வீட்டுலதான். புயலுக்கு அந்த மண்டபத்தில் படுத்து எழுந்த குடும்பங்களில் மட்டும் எத்தனையோ கல்யாணம் நடந்தது. பத்திரிகை வைக்க வரும்போது, "அன்னைக்கு நீங்க கதவைத் தொறக்கலைன்னா எங்க கதி என்னங்க" என்று கண் கலங்குவார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேறு மண்டபத்தின் பெயர் அச்சடித்த பத்திரிகையை நீட்டுவார்கள். நன்றி கெட்டவர்கள் என்றும் சொல்ல முடியவில்லை. பெண்ணைப் பெற்றவர்கள்.

அருள்மணி சும்மா இருக்கவில்லை. கணபதி ஹோமம் செய்தார். பசுவையும் கன்றையும் கூட்டி வந்து மேடையில் ஏற்றினார். மேடையின் டைல்ஸைப் பெயர்த்துவிட்டுக் கிரானைட் போட்டார். முதல் கல்யாணத்துக்கு வாடகையே வேண்டாம் என்று நோட்டீஸ் அடித்தார். அதைப் படித்தவர்கள், ஓசிக்குக் கொடுக்கிறான் என்றால் ஏதோ இருக்கிறது என்று இன்னும் ஒரு அடி தள்ளி நின்றார்கள்.

மஸ்கட்டில் கம்ப்ரசர் ஓடாவிட்டால் கழற்றிப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடித்துவிடுவார். இதில் எதைக் கழற்றுவது என்று தெரியவில்லை. ஒரு நாள் பூட்டிய மண்டபத்தின் வாசற்படியில் உட்கார்ந்திருந்தவருக்கு, அந்தப் பொம்பளை ரோட்டு ஓரத்திலேயே போய்ச் சேர்ந்திருக்கக் கூடாதா என்று ஓர் எண்ணம் வந்தது. வந்ததும் பதறிப்போய் எழுந்துவிட்டார். கோயிலுக்குப் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு அந்த எண்ணம் அடிக்கடி வந்தது. பதற்றம்தான் வருவதில்லை. தான் இப்படி ஆகிவிட்டோமே என்பதுதான் அவருக்கு மண்டபத்தை விடப் பெரிய துக்கம். அதை அவர் புவனேஸ்வரியிடம்கூடச் சொன்னதில்லை.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் வந்தார். அப்பாவுக்குக் கருமாதி வைக்க இடம் வேண்டும், கல்யாண மண்டபம் எதிலும் கருமாதிக்குத் தரமாட்டேன் என்கிறார்கள் என்றார். "ஒங்க மண்டபத்துலதான் ஏற்கெனவே ஒரு..." என்று தொடங்கி, அருள்மணியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அருள்மணி அவரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக வெளியே அனுப்பினார்.

கொரோனா வந்து போனது. மண்டபத்தின் மேல் வாங்கியிருந்த கடனுக்குப் பேங்க்கிலிருந்து ஆட்கள் வந்து போனார்கள். அடுத்து ஒருவர் கருமாதிக்குக் கேட்டு வந்தபோது அருள்மணி சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார்.

விசித்திரம் என்னவென்றால், தொழில் ஓடத் தொடங்கியது. சாவுக்கு முகூர்த்தம் பார்க்க வேண்டியதில்லை, ஆடி மார்கழி கிடையாது. கருமாதி, படத்திறப்பு, முதலாண்டு நினைவு நாள் என்று கறம்பக்குடி வட்டாரம் முழுக்க அழகுமலை மஹாலைத் தேடி வந்தது. மேடையில் மாலை போட்ட படங்கள் வரிசையாக உட்கார்ந்து எழுந்தன. கடன் அடைந்தது. "தொழில்னா தொழில்தானேப்பா, எதுல வந்தா என்ன" என்றார் வெள்ளைச்சாமி. புதுக்கோட்டையில் ஒரு காலேஜில் தொழில்முனைவோர் தினம் என்று கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். சந்தையில் யாருக்கும் தெரியாத தேவையைக் கண்டுபிடித்தவர் என்று மைக்கில் சொன்னார்கள். கேள்வி நேரத்தில் ஒரு மாணவி எழுந்து, "இந்தத் தொழில் தொடங்க ஒங்களுக்கு மோட்டிவேஷன் என்னங்க சார்?" என்று கேட்டாள். அருள்மணி மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எல்லோரும் கை தட்டிவிட்டார்கள். தன்னடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் அவர் ஒரு கணக்கை மட்டும் மூடாமல் வைத்திருந்தார். ஒரே ஒரு கல்யாணம். ஒன்று நடந்து, அந்த ஜோடி நன்றாக இருந்துவிட்டால் போதும், ஊர் வாய் அடைபட்டுவிடும். அந்த ஒன்று எங்கிருந்து வரும் என்றுதான் தெரியாமல் இருந்தது.

வந்தது அவர் வீட்டிலிருந்தே. காவ்யா கோயம்புத்தூரில் நர்ஸாக இருந்தாள். அங்கேயே வேலை பார்க்கும் அரவிந்த்குமாரின் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்தபோது, மண்டபம் எது என்ற பேச்சு வந்தது. அருள்மணி வாய் திறப்பதற்குள் காவ்யா சொல்லிவிட்டாள்.

"நம்ம மண்டபத்துலதாம்பா."

ஒளிக்காமல் எல்லாவற்றையும் அவளே மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னாள். புயல், உண்ணாமலை, கருமாதி எல்லாம். அரவிந்த்குமாரின் அம்மா கேட்டுவிட்டு, "ஒரு உசுரைக் காப்பாத்தப் பாத்த எடம். அதுல என்னங்க தோஷம்?" என்றார். புவனேஸ்வரியும் ஒரு நாள் யோசித்துவிட்டு, "நடத்துவோங்க. நம்மளே நடத்தலைன்னா வேற எவன் வந்து நடத்துவான்?" என்று சொல்லிவிட்டாள்.

அருள்மணிக்குத் தரையில் கால் பாவவில்லை. பெயிண்டருக்குச் சொன்னார். அந்த மாதம் வந்த நினைவு நாள் ஒன்றை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார். பழைய பில் புத்தகத்தைத் தேடி எடுத்து, அடியில் இருந்த வரியைத் தடவிப் பார்த்தார். சிவரஞ்சனிக்குப் போன் போட்டு, "ஒங்க வீட்டு ஆளுக அத்தனை பேரையும் கூட்டிக்கிட்டு வா. சாயங்காலம் வரைக்கும் பந்தி நடக்கும்" என்றார். அந்தப் பக்கம் தங்கை அழுவது கேட்டது.

லீவில் வந்திருந்த காவ்யா, ஒரு நாள் முற்பகலில் அப்பாவோடு மண்டபத்துக்கு வந்தாள். அருள்மணி தன் கையாலேயே மேடையைக் கழுவிவிட்டு, குத்துவிளக்கு எங்கே நிற்கும், மணை எங்கே போடுவது என்று அளந்துகொண்டிருந்தார். புதிதாகச் செய்து வைத்திருந்த இரண்டு மணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். காவ்யா செருப்பைக் கழற்றிவிட்டு மூன்று படி ஏறி வந்தாள். துப்பட்டாவை முக்காடு மாதிரி தலையில் போட்டுக்கொண்டு, வலது பக்கத்து மணையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"நல்லாருக்காப்பா?"

உண்ணாமலையின் தலை கிடந்த இடம் அதுதான். கிரானைட் போட்டாலும் அருள்மணிக்கு அந்த இடம் தெரியும். அதே இடத்தில், அன்று அந்தத் தலையை மடியில் வைத்திருந்த அதே பிள்ளை, அதே மாதிரி சம்மணமிட்டு உட்கார்ந்து தலை நிமிர்ந்து அவரைப் பார்த்துச் சிரித்தது.

"எந்திரி!"

கத்தியது தான்தான் என்று அவருக்கே உறைக்கவில்லை. காலி மண்டபத்தில் அந்தச் சத்தம் போய் மோதித் திரும்பி வந்தது. காவ்யா சிரிப்பு மாறாமல், புரியாமல் பார்த்தாள்.

"எந்திரிடி! எந்திரின்னு சொல்றேன்ல!"

கையைப் பிடித்து இழுத்துவிட்டார். மணை புரண்டது. எழுந்து நின்றவளின் கண்ணில் நீர் திரண்டுவிட்டது. வலியால் இல்லை.

"ஊர்ல சொல்றதை நீங்களும் நம்புறீங்களாப்பா?"

நம்பவில்லை என்றுதான் அருள்மணி இத்தனை வருஷமும் ஊரோடு மல்லுக்கட்டினார். ஹோமமும் கிரானைட்டும் ஊருக்காகச் செய்தவை என்றுதான் நினைத்திருந்தார். பொய். ஊரில் கடைசி ஆள் நம்புவதை விட்டுவிட்டாலும், தான் விடமாட்டோம் என்று அந்த மேடையில் வைத்துத் தெரிந்துபோயிற்று. தன்னால் தன் பிள்ளையை உட்கார வைக்க முடியாத இடத்தில் உட்காரச் சொல்லித்தான் ஊரான் பிள்ளைகளை இத்தனை காலம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

காவ்யா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். புரண்டு கிடந்த மணையை நிமிர்த்தி வைக்க அவருக்குக் கை வரவில்லை.

அடுத்த வாரம் அருள்மணி புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினார். தை மாதத்துக்கு எல்லா மண்டபமும் நிரம்பியிருந்தது. அந்த முகூர்த்தத்துக்கு ஒரே ஒரு இடம்தான் காலி. முப்பது வருஷத்துக்கு முன்னால் அவர் அப்பா கும்பிட்டு நின்ற அதே மண்டபம். இப்போது முன்னால் கண்ணாடி வைத்து ஆபீஸ் போட்டிருந்தார்கள். உள்ளே ஒரு சின்னப் பையன் மேனேஜராக உட்கார்ந்திருந்தான். பெயர், ஊர் எல்லாம் கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றியவன், நிமிர்ந்து பார்த்தான்.

"கறம்பக்குடி அருள்மணின்னா... அழகுமலை மஹால் ஓனருங்களா? ஒங்களுக்கே மண்டபம் இருக்கேங்க சார். அதுல வைக்கலையா?"

அருள்மணி கண்ணாடிக்கு வெளியே ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"எனக்கு ஒண்ணுமில்லைங்க தம்பி. வீட்டுலதான் பொம்பளைங்க ஒத்துக்க மாட்றாங்க."

பையன் அனுதாபமாகத் தலையாட்டினான். ரசீதைக் கிழித்து நீட்டும்போது, பழகிப்போன குரலில் விதிமுறைகளைச் சொன்னான். வெடி வெடிக்கக் கூடாது, வெளியே சமைத்துக் கொண்டுவரக் கூடாது.

"அப்பறம் சார், மதியம் மூணு மணிக்கெல்லாம் ஹாலைக் காலி பண்ணிரணும். பந்தி நடந்துக்கிட்டு இருந்தாலும் மெயினை அணைச்சிருவோம். பின்னாடி வந்து எங்களைத் தப்பா சொல்லக் கூடாது."

அருள்மணி தோளில் கிடந்த துண்டை எப்போது எடுத்தார் என்று தெரியவில்லை. அது கக்கத்தில் இருந்தது.

"சரிங்கய்யா" என்றார்.